முதல் ஆளாக யாரை எடுப்பது? ஒரு ஹாக்கி நகரமும் புது மேனேஜரும் மோதிக்கொண்ட கதை

2022 ஜூலை 7 இரவு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பெல் சென்டர் அரங்கம் களைகட்டியிருந்தது. அன்று அங்கே ஆட்டம் எதுவும் இல்லை. தளத்தில் மேஜை நாற்காலி போட்டு 32 அணிகளின் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்., அந்த ஆண்டின் இளம் வீரர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘டிராஃப்ட்’ நாள் அது.

முதல் வாய்ப்பு சொந்த ஊர் அணியான மான்ட்ரியல் கனேடியன்ஸுக்கு. ரசிகர்கள் பலரின் மனதில் ஒரு பெயர் ஏற்கெனவே முடிவாகியிருந்தது: ஷேன் ரைட். ஆனால் மேடையில் வாசிக்கப்பட்டது வேறு பெயர். யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த 18 வயதுப் பையன். அரங்கில் ஒரு பகுதி ஆரவாரம் செய்தது, இன்னொரு பகுதி வாயடைத்துப் போனது.

இந்த முடிவுக்குப் பொறுப்பாளர் கென்ட் ஹியூஸ். ஜெனரல் மேனேஜராகி ஆறு மாதம்கூட நிறையவில்லை. “கையில கிடைச்ச அதிர்ஷ்டத்தை வீணடிச்சிட்டாரே” என்று ஒரு தரப்பு. “அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?” என்று இன்னொரு தரப்பு. அன்று தொடங்கிய வாக்குவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அதன் அடியை வாங்கியதுதான் வேறு யாரோ.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது?

நமக்குத் தெரிந்த ஐ.பி.எல். ஏலத்தில் பணம் பேசும். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு வீரர். டிராஃப்டில் ஏலமே கிடையாது, வரிசைதான். முதல் ஆளை ஓர் அணி எடுக்கும், அடுத்த ஆளை அடுத்த அணி எடுக்கும். இப்படி ஏழு சுற்று. எந்த அணிக்குப் போவது என்று பையன்களால் தேர்ந்தெடுக்க முடியாது.

பந்திக்கு முந்து என்பார்கள். இந்தப் பந்தியில் முன்வரிசை கிடைப்பது தோற்ற அணிகளுக்கு. பலவீனமான அணிக்கு நல்ல இளம் வீரர் கிடைத்தால்தான் லீக்கில் சமநிலை இருக்கும் என்பது கணக்கு. அதற்காக யாரும் வேண்டுமென்றே தோற்றுவிடக் கூடாது என்பதால் நடுவே ஒரு குலுக்கலும் உண்டு. 2021-22 சீசனில் 32 அணிகளில் கடைசியாக வந்த மான்ட்ரியலுக்குக் குலுக்கலில் ஜெயிக்க 18.5 சதவீத வாய்ப்புதான் இருந்தது. அந்தக் குலுக்கலில் ஜெயித்துத்தான் முதல் இடத்தைப் பிடித்தது.

பணமும் இதில் முக்கியம். ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022-23 சீசனில் அது 8.25 கோடி டாலர். டிராஃப்டில் வரும் 18 வயது வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டு எடுக்கப்பட்டவர்களுக்கு ஊக்கத்தொகை நீங்கலாக ஆண்டுக்கு அதிகபட்சம் 9.5 லட்சம் டாலர். ஆக, நல்லா ஆடுற ஒரு பையன் குறைந்த சம்பளத்தில் கிடைத்தால், மிச்சப் பணத்தில் அனுபவசாலிகளை வாங்கலாம். டிராஃப்டில் சறுக்கினால் அந்த அடி பல ஆண்டுகள் வலிக்கும்.

இந்த முடிவுகளுக்கெல்லாம் பொறுப்பு ஜெனரல் மேனேஜர். கோச் இன்றைய ஆட்டத்தைப் பார்ப்பார். மேனேஜர் நான்கைந்து ஆண்டுகள் கழித்து அணி எப்படி இருக்கும் என்று பார்ப்பார். ரசிகர் டிக்கெட் வாங்குவது இன்றைய ஆட்டத்துக்கு. பாதிச் சண்டை இந்தக் கால இடைவெளியில்தான் பிறக்கிறது.

புது மேனேஜர் ஏன் தேவைப்பட்டார்?

மான்ட்ரியல் சாதாரண அணி இல்லை. லீக்கிலேயே அதிக முறை, அதாவது 24 முறை, ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி. ஆனால் கடைசியாக வென்றது 1993-ல். 2021-ல் இறுதிப்போட்டி வரை போய் டாம்பா பேயிடம் தோற்றது. மறு சீசனிலேயே 82 ஆட்டங்களில் 22 வெற்றி மட்டும் பெற்று அடிமட்டத்துக்கு விழுந்தது.

2021 நவம்பரில் பழைய மேனேஜர் மார்க் பெர்ஜவான் நீக்கப்பட்டார். ஜெஃப் கார்டன் ஹாக்கி பிரிவின் தலைவராக வந்தார். 2022 ஜனவரி 18 அன்று ஹியூஸ் ஜெனரல் மேனேஜரானார். அதுவரை அவர் எந்த அணியையும் நடத்தியதில்லை. வீரர்களுக்காகச் சம்பளம் பேசும் ஏஜென்ட்டாக இருந்தவர். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இந்தப் பக்கம் வந்தார்.

“அணியைக் கலைச்சு முதல்ல இருந்து கட்டணும்” என்பதில் ரசிகர்கள் பலருக்கு மறுப்பில்லை. முதல் செங்கல் எது என்பதில்தான் தகராறு.

ரைட்டா, ஸ்லாஃப்கோவ்ஸ்கியா?

ரைட் பக்கம் நின்றவர்களின் வாதம் வலுவானது. 15 வயதிலேயே சிறப்பு அனுமதி பெற்று ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் ஆடத் தொடங்கியவர் அவர். 2021-22 சீசனில் 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள். ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்குப் பாஸ் கொடுத்து உதவினாலும் ஒரு புள்ளி. வட அமெரிக்க வீரர்களுக்கான லீக்கின் அதிகாரபூர்வத் தரவரிசையில் முதலிடம். ஆடுவது சென்டர் நிலையில். நடுவில் நின்று தாக்குதல், தற்காப்பு இரண்டையும் இணைக்கும் இடம் அது. மான்ட்ரியலில் நல்ல சென்டருக்குப் பஞ்சம். ஊருக்குத் தேவை சென்டர், பட்டியலில் முதல் ஆளும் சென்டர். இதுக்கு மேல என்ன யோசனை என்றார்கள்.

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் கணக்கு அவ்வளவு பளிச்சென்று இல்லை. பின்லாந்து லீக்கில் 31 ஆட்டங்களில் 10 புள்ளிகள்தான். ஆனால் அங்கே ஆடியது பெரியவர்களோடு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் 7 ஆட்டங்களில் 7 கோல் அடித்தார். ஸ்லோவாக்கியா வெண்கலம் வென்றது, தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடல், அந்த உடலோடு வேகம். ஆடுவது விங் நிலையில். இன்றைக்கு யார் கெட்டி என்று பார்த்தால் ரைட், ஐந்து ஆண்டு கழித்து யார் எங்கே போய் நிற்பார் என்று பார்த்தால் ஸ்லாஃப்கோவ்ஸ்கி என்றது மறுதரப்பு.

ஹியூஸ் இரண்டாவது கணக்கைப் பிடித்தார். நியூ ஜெர்சியும் அரிசோனாவும்கூட ரைட்டைத் தாண்டிப் போயின. நான்காவது இடத்தில் சியாட்டில் அவரை எடுத்தது.

பழைய காயங்கள்

ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொதித்தார்கள் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1980-ல் இதேபோல மான்ட்ரியல் கையில் முதல் வாய்ப்பு இருந்தது. டிராஃப்ட் நடந்ததும் இதே ஊரில். மான்ட்ரியலிலேயே வளர்ந்து அங்கேயே ஜூனியர் ஹாக்கி ஆடிய டெனி சவார்டை எடுக்கச் சொன்னார்கள் உள்ளூர் ரசிகர்கள். அணி எடுத்தது டக் விக்கன்ஹைசரை. இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு நிபுணர்கள் முன்னிறுத்திய பெயரே விக்கன்ஹைசர்தான். அணி பட்டியலைப் பின்பற்றித்தான் நடந்தது. மூன்றாவது இடத்தில் சிகாகோ எடுத்த சவார்ட் 1,338 புள்ளிகள் குவித்து, புகழரங்கிலும் இடம்பிடித்தார். விக்கன்ஹைசர் எடுத்தது 276. அவர் நல்ல வீரர்தான். ஆனால் “சவார்டுக்குப் பதிலா வந்தவர்” என்ற அடைமொழி கடைசிவரை அவரை விடவில்லை.

அடுத்தது 2018. மூன்றாவது வாய்ப்பு. சென்டர் தேவை என்பதால் பின்லாந்தின் யெஸ்பெரி கோட்கனியெமியை எடுத்தார்கள். நான்காவதாகப் போன பிரேடி டக்காச்சுக் ஒட்டாவா அணியின் கேப்டனானார். ஏழாவதாகப் போன குவின் ஹியூஸ் 2024-ல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை வாங்கினார் (மேனேஜர் ஹியூஸுக்கு உறவு இல்லை, பெயர் ஒற்றுமைதான்). கோட்கனியெமியோ 2021-ல் கரோலினா அதிகச் சம்பளம் தருவதாகச் சொன்னதும் கிளம்பிவிட்டார்.

ஆக, 1980-ல் பட்டியலைப் பார்த்து எடுத்தார்கள், உதை. 2018-ல் தேவையைப் பார்த்து எடுத்தார்கள், மறுபடியும் உதை. 2022-ல் ஹியூஸ் மூன்றாவது வழியில் போனார். பொதுப் பேச்சையும் தேவையையும் ஒதுக்கிவிட்டு, தன் தேர்வாளர்கள் கண்ணால் பார்த்ததை நம்பினார். சூடு கண்ட பூனை எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படித்தான் ரசிகர்களும் நடந்துகொண்டார்கள்.

தலைப்பில் வராத வேலைகள்

அதே இரவில் ஹியூஸ் இன்னொரு அதிர்ச்சி கொடுத்தார். ரசிகர்களுக்குப் பிடித்தமான இளம் தற்காப்பு வீரர் அலெக்சாண்டர் ரோமனோவை நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து 13-வது வாய்ப்பை வாங்கினார். அதைக் கையோடு சிகாகோவுக்குத் தள்ளிவிட்டு, சென்டர் வீரர் கிர்பி டாக்கை வாங்கினார். டாக் 2019-ல் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். அதாவது சென்டர் தேவை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. டிராஃப்டில் திறமையை எடு, தேவையை வர்த்தகத்தில் தீர்த்துக்கொள் என்பது அவர் வகுத்த வழி.

அந்த வழி எல்லா இடத்திலும் பலிக்கவும் இல்லை. டாக்குக்கு 2023-24 சீசனின் தொடக்கத்திலேயே முழங்கால் காயம், அந்த ஆண்டு முழுக்க வெளியே. 2025 பிப்ரவரியில் மறுபடியும் முழங்கால். இன்னொரு நல்ல சென்டருக்கான தேடல் முடியவே இல்லை. ரைட்டை விட்டதைக் குறை சொன்னவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது அதில் நியாயம் இருக்கிறது.

அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு வேலையை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. டிராஃப்டுக்கு முன்பே மூத்த வீரர்களை ஒவ்வொருவராகக் கொடுத்து வாய்ப்புகளைச் சேர்த்திருந்தார். டைலர் டாஃபோலியைக் கால்கரிக்கும் பிரெட் குலாக்கை எட்மன்டனுக்கும் அனுப்பினார். இப்படிச் சேர்த்ததில் அந்த ஆண்டு மான்ட்ரியல் எடுத்த பையன்கள் மொத்தம் 11 பேர்.

குலாக்கைக் கொடுத்து வாங்கிய வாய்ப்பு 62-வது இடத்தில் வந்தது. டிராஃப்டின் இரண்டாம் நாள், கூட்டத்தின் சூடு தணிந்த நேரம். அதில் எடுத்தது லேன் ஹட்சன் என்ற தற்காப்பு வீரரை. கையில் வித்தை இருக்கிறது, ஆனால் உயரம் பத்தாது என்று மற்ற அணிகள் தயங்கிய பையன்.

பையன்கள் தலையில் விழுந்த இடி

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் முதல் சீசன் 39 ஆட்டங்களோடு முடிந்தது. 4 கோல், 6 உதவி, பிறகு முழங்கால் காயம். “நாங்க அப்பவே சொன்னோம்ல?” என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிப் பழக்கியிருக்க வேண்டாமா என்று இன்னொரு விவாதம் ஓடியது. இரண்டாவது கேள்வி நியாயமானது, அது நிர்வாகத்தைக் கேட்கும் கேள்வி. முதலாவது ஒரு 18 வயதுப் பையனைப் பார்த்துச் சிரிப்பது.

ரைட்டும் தப்பவில்லை. நான்காவதாகப் பெயர் வாசிக்கப்பட்டு மேடைக்குப் போகும்போது மான்ட்ரியல் மேஜையை முறைத்தார் என்று ஒரு சிறு வீடியோ துணுக்கு சுற்றிவந்தது. அப்படி எதுவும் இல்லை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

2023-ல் நிலைமை இன்னும் மோசம். ஐந்தாவது வாய்ப்பு. ரஷ்யாவின் மத்வே மிச்கோவ் இன்னும் மிச்சம் இருந்தார். கோல் அடிப்பதில் கில்லாடி, ஆனால் ரஷ்ய அணியோடு 2026 வரை ஒப்பந்தம். ஹியூஸ் எடுத்தது ஆஸ்திரியாவின் தற்காப்பு வீரர் டேவிட் ரெயின்பாக்கரை. ரசிகர்களில் சிலர் நேராக அந்தப் பையனின் சமூக ஊடகப் பக்கத்துக்கே போய்த் திட்டித் தீர்த்தார்கள். தன்னை எடுக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. மேடையில் பெயர் வாசித்தார்கள், எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மிச்கோவ் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே பிலடெல்பியாவுக்கு வந்து, 2024-25 முதல் சீசனில் 63 புள்ளிகள் எடுத்தார். ரெயின்பாக்கரோ அதே சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் காயத்தில் விழுந்து மாதக்கணக்கில் ஆட முடியவில்லை. இந்தத் தேர்வுக்காக ஹியூஸ் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பையனின் முழங்கால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

யார் சொன்னது சரி?

2024-25 சீசன் முடிவு வரையிலான கணக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்லாஃப்கோவ்ஸ்கி இரண்டாவது சீசனில் 50 புள்ளிகள், மூன்றாவதில் 51. 2024 ஜூலையில் எட்டு ஆண்டுகளுக்கு 6.08 கோடி டாலர் ஒப்பந்தம். ரைட் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் கீழ்நிலையிலும் ஜூனியரிலும் ஆடிவிட்டு, 2024-25-ல் 44 புள்ளிகள். இருவரில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி கொஞ்சம் முன்னே. அப்போ ஹியூஸ் ஜெயிச்சாரா?

அவசரம் வேண்டாம். மூன்றாவதாக அரிசோனா எடுத்த லோகன் கூலி, அணி யூட்டாவுக்கு இடம்பெயர்ந்த அந்த சீசனில் 65 புள்ளிகள் எடுத்தார். அவரும் சென்டர்தான். ரைட், ஸ்லாஃப்கோவ்ஸ்கி என்று இரண்டு பெயரை வைத்தே ஊர் சண்டை போட்டதில் மூன்றாவது பெயர் கண்ணில் படவில்லை.

அந்த 62-வது பையன்? 2024-25-ல் ஹட்சன் 6 கோல், 60 உதவி, மொத்தம் 66 புள்ளிகள். அறிமுக சீசனில் தற்காப்பு வீரர் ஒருவரின் அதிகபட்ச உதவிகளுக்கான லீக் சாதனையைச் சமன் செய்தார். லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்கு. 1972-ல் கென் டிரைடனுக்குப் பிறகு அந்த விருதை வாங்கிய முதல் மான்ட்ரியல் வீரர். அந்த ஆண்டு அணி 91 புள்ளிகளோடு பிளே-ஆஃப் போனது. முதல் சுற்றிலேயே வாஷிங்டனிடம் தோற்றாலும், மூன்று ஆண்டுகளுக்கு முன் கடைசி இடத்தில் இருந்த அணி அது.

2024 டிராஃப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் ஐந்தாவது வாய்ப்பு. சில அணிகள் எதிர்பாராத பெயர்களை எடுத்ததால், உச்சத்தில் போவார் என்று பேசப்பட்ட ரஷ்யாவின் இவான் டெமிடோவ் மான்ட்ரியல் வரை வந்து சேர்ந்தார். ஓராண்டுக்கு முன் ரஷ்ய வீரரைத் தாண்டிப் போன ஹியூஸ், இந்த முறை யோசிக்கவில்லை. 2025 ஏப்ரலில் டெமிடோவ் ஆடிய முதல் என்.ஹெச்.எல். ஆட்டத்தில் முதல் பகுதியிலேயே ஒரு கோல், ஓர் உதவி. பெல் சென்டர் அதிர்ந்தது. ஹியூஸைத் திட்டியவர்களும் கைதட்டியிருப்பார்கள்.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது?

மேனேஜரைக் கேள்வி கேட்காதே என்று ரசிகர்களிடம் சொல்வது அபத்தம். பணம் அவர்களுடையது, மாலை நேரம் அவர்களுடையது, 1993-லிருந்து காத்திருப்பதும் அவர்கள்தான். கேள்வி கேட்பதில் தவறில்லை. எந்தக் கேள்வி, யாரிடம் என்பதுதான் விஷயம்.

“இந்தப் பையன் ஜெயிப்பானா?” என்பதற்கு டிராஃப்ட் இரவில் யாரிடமும் பதில் இருக்காது, மேனேஜரிடமும் இருக்காது. 18 வயதில் ஒருவர் 23-ல் என்ன ஆவார் என்பதைச் சொல்லும் கருவி இன்னும் வரவில்லை. ஆனால் அன்றைக்கே கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. கையில் எத்தனை வாய்ப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்? எல்லோரும் தயங்கும் பையனைப் பின்சுற்றில் எடுக்கும் துணிச்சல் இருக்கிறதா? எடுத்த பிறகு பொறுமையாக வளர்க்க ஆள் வைத்திருக்கிறாரா, இல்லை, தூக்கி நேராக ஆழத்தில் போடுகிறாரா? போன ஆண்டு செய்த தவறை இந்த ஆண்டும் செய்கிறாரா?

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் ஹியூஸின் கணக்கில் நல்ல மதிப்பெண்ணும் உண்டு, சிவப்புக் கோடும் உண்டு. வாய்ப்புகளைச் சேர்த்ததும் ஹட்சனை எடுத்ததும் நல்ல பக்கம். ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதல் சீசனிலேயே பெரிய லீக்கில் இறக்கியதும், மிச்கோவைத் தாண்டிப் போனதும் இன்றைக்கும் விளக்கம் கேட்க வேண்டிய பக்கம்.

மான்ட்ரியலில் அடுத்த டிராஃப்டிலும் இதே கூச்சல் இருக்கும். இருக்கட்டும், அந்த ஊர் அப்படித்தான். ஆனால் கூச்சல் போய்ச் சேர வேண்டிய இடம், ஹியூஸ் உட்கார்ந்திருக்கும் மேஜை. அம்மா அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டு நடுங்கும் கையோடு மேடை ஏறும் பையனின் போன் அல்ல.